நுன்ச்சிச் சோறு

போன மாதம் நான் வேலை செய்த பழைய மருத்துவமனை வார்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். முழங்கால்கள் இரண்டும் வேலையை விடச் சொன்ன பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. இப்போது ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு சின்னத் திரை தொங்குகிறது. அதில் ஐந்து முகங்கள், சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடிகின்றன. நோயாளி தன் வலிக்கு ஏற்ற முகத்தை விரலால் தொட வேண்டும். தொட்டதும் தாதியின் கையில் உள்ள கருவிக்கு அது போய்விடும். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த கிழவர் சிரிக்கிற முகத்தைத் தொட்டார். அவருடைய மற்றக் கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது, விரல் முட்டிகள் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன.

"இவருக்கு நோகுது" என்றேன்.

தாதிகள் அவரைக் கேட்டுப் பார்த்தார்கள். ஓம், நொந்தது. வார்டில் நம் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேர் தாதிகளாக இருக்கிறார்கள், இங்கே டென்மார்க்கிலேயே பிறந்தவர்கள். "அன்ரி, இது எங்க படிச்சனீங்கள்? எழுதித் தாங்கோ" என்று பிடித்துக்கொண்டார்கள்.

படித்த இடத்தைச் சொல்லலாம். படிப்பித்தவரைச் சொல்லலாம். அது நல்ல படிப்பா என்பதை மட்டும் இந்த வயதிலும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

எண்பத்தைந்தில் இந்த நாட்டுக்கு வந்தேன். கணவர் எனக்கு முன்னமே வந்து பிராண்டேயில் ஒரு தொழிற்சாலையில் இரும்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். மொழி வகுப்பு, பனி, மறுபடி மொழி வகுப்பு. பிறகு யூலண்ட் குடாநாட்டின் நடுவில் இருக்கும் ஒரு மருத்துவமனையில், இதய நோயாளிகளின் வார்டில் உதவியாளர் வேலை. படுக்கை விரிப்பது, உடம்பு துடைப்பது, காலையில் நிறை பார்ப்பது, சாப்பாட்டுத் தட்டுக் கொடுத்து எடுப்பது. பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாதி டெனிஷ் எனக்கு விளங்கவில்லை. மீதிப் பாதியை விளங்கியது போலத் தலையாட்டிச் சமாளித்தேன். காதுக்கு ஒன்றும் கிடைக்காத காலத்தில் கண் தானாகவே நீண்டுவிடுகிறது. யார் எந்த நேரம் வாயை இறுக்குகிறார்கள், யாருடைய செருப்பு இன்று கட்டிலை விட்டுத் தள்ளிக் கிடக்கிறது என்று, எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள் மாதிரி வாசித்துக்கொண்டே திரிந்தேன்.

அதை முதலில் கண்டுபிடித்தவர் ஓக்சூன்.

ஓக்சூன் எங்கள் வார்டின் தலைமைத் தாதி. கொரியாவில் தாதிப் படிப்பை முடித்துவிட்டு இளம் பெண்ணாக டென்மார்க் வந்து, ஒரு டெனிஷ்காரரைக் கட்டி, இங்கேயே நின்றுவிட்டவர். குட்டையான உருவம், நரை ஓடிய தலைமயிர், ரப்பர் அடிச் சப்பாத்து. அவர் வருவது கேட்காது. வந்து நின்ற பிறகுதான் தெரியும். அறைக்குள் போகும் முன் ஒவ்வொரு வாசலிலும் ஒரு மூச்சு நேரம் நிற்பார். திரைச்சீலை, தண்ணீர்க் குவளை, தலையணை, செருப்பு, கடைசியில்தான் முகம். எப்படி இருக்கிறீர்கள் என்று எடுத்த எடுப்பில் கேட்கவே மாட்டார். "கேட்டால் 'நல்லாயிருக்கிறன்' என்றுதான் சொல்லுவினம். பிறகு அதை மாத்திச் சொல்ல அவைக்கு வெட்கமாயிருக்கும். ஏன் அந்தக் கரைச்சலைக் குடுப்பான்?" வீங்கிய கணுக்காலில் பெருவிரலை மெல்ல அழுத்துவார். குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே யன்னலுக்கு வெளியே நிற்கும் காகத்தைப் பற்றிக் கதைப்பார்.

கோப்பி நேரத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பியர்த்தே என்று ஒரு தாதி. பெரிய குரல், அதைவிடப் பெரிய மனது. "தவா, கோப்பி வேணுமா?" என்பாள். நான் "வேண்டாம்" என்பேன். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், இரண்டாம் தரம் கேட்பாள் என்று காத்திருப்பேன். அவள் கேட்க மாட்டாள். வேண்டாம் என்றவளுக்கு வேண்டாம்தானே. இப்படிப் பல நாள் கோப்பியின் மணத்தை மட்டும் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். ஒருநாள் ஓக்சூன் ஒன்றும் கேட்காமலே ஒரு கோப்பையை என் முன் வைத்தார்.

"அவள்தானே வேண்டாம் என்றாள்!" என்றாள் பியர்த்தே.

"வேண்டாம் என்றுதான் சொன்னாள். கண் கோப்பிக் கேத்திலிலை நிக்குது."

பியர்த்தே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "கடவுளே, ரெண்டு ஆசியாக்காரியளும் இப்பிடிப் பாத்துக்கொண்டு இருந்தால் ஒரு நாளைக்குத் தாகத்திலை சாவியள். வாய் இருக்குதல்லோ, சொல்லுங்கோவன்!"

அதைக் கொரிய மொழியில் நுன்ச்சி என்பார்கள் என்று ஓக்சூன் அன்று சொன்னார். கண்ணால் அளப்பது. மற்றவர் சொல்லாததைச் சொல்லாமலே அறிவது. சிலருக்கு அது வேகம், சிலருக்கு அது கிடையவே கிடையாது. "உனக்கு வேகம்" என்றார். எங்களிடமும் ஒரு சொல் உண்டு, குறிப்பறிதல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவரோ, "பாவம்" என்றார். ஏன் பாவம் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டுப் பனிக்காலத்தின் கடைசியில் சூசை வந்தான்.

மன்னார்ப் பெடியன், கடற்காரர் குடும்பம், இருபதுகளின் தொடக்கம். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதய வால்வைத் தின்றிருந்தது. இங்கே வந்து முதல் குளிரிலேயே மூச்சு அடைத்து விழுந்துவிட்டான். மல்லாந்து படுக்க முடியாது, மூன்று தலையணை அடுக்கி இருந்தபடியே தூங்குவான். ஓர்ஹூஸ் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வால்வை மாற்ற வேண்டும், மாற்றினால் வாழலாம், மாற்றாவிட்டால் அடுத்த பனியைக் காண மாட்டான் என்று டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன். சூசை கேட்ட ஒரே கேள்வி: "மாத்தினால் வேலை செய்யலாமோ எண்டு கேளுங்கோ அக்கா. தம்பியை இங்கை கூப்பிட வேணும்."

தம்பி டேவிட். மன்னாரில் இவனுடைய தோணியைக் கொண்டுபோகிறவன். சூசையிடம் அரை மணி நேரம் இருந்தால் இருபது டேவிட் கதை கேட்கலாம். டேவிட் சுறாவுக்குப் பயந்து தோணியில் ஏறி நின்று அழுத கதை. டேவிட் கோயில் பெருநாளில் களவாய் வைன் குடித்துப் பலிபீடத்துக்குப் பின்னால் தூங்கிய கதை. சொல்லிச் சிரித்து, மூச்சு முட்டி, நான் ஏச, மறுபடியும் சிரிப்பான். உப்பில்லாத உருளைக்கிழங்கு மட்டும் அவனுக்கு ஆகாது. தினமும் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி வைத்து, "அக்கா, இது கிழங்கோ சவுக்காரமோ?" என்பான்.

ஹோர்சன்ஸில் ஒரு வீட்டில் சேர்ந்திருந்த நம் பெடியன்கள் ஞாயிறு தோறும் ரயிலேறி அவனைப் பார்க்க வருவார்கள். மூத்தவன் நேசன். வந்தால் ஒரே பகிடியும் சிரிப்பும்தான். போகும்போது வாசலில் நின்று, எல்லோரும் ஒன்றாக விடைபெறுவார்கள்: "போட்டு வாறம் மச்சான்!" சூசை கட்டிலிலிருந்து கை உயர்த்தி, "ஓம், வாங்கோ!" தாழ்வாரம் முழுக்கக் கேட்கும். பியர்த்தே அதைப் பாடமாக்கி, "போத்து வாரம்" என்று சொல்லிக்கொண்டே வண்டி தள்ளுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை நேசன் வார்டுக்கு டெலிபோன் எடுத்து என்னைக் கேட்டான்.

"அக்கா, பக்கத்திலை ஆரும் நிக்கினமோ?"

"தமிழ் விளங்கிற ஆக்கள் ஒருத்தரும் இல்லை. என்ன?"

"டேவிட்டைக் கடலிலை வைச்சுச் சுட்டுப் போட்டாங்கள். ஜெர்மனியிலை இருக்கிற அவையின்ரை சொந்தக்காரர் இப்பதான் எடுத்துச் சொன்னவர். உடலைத் தாட்டும் போட்டினம். அவனுக்குச் சொல்லக்கூடாது அக்கா. ஒப்பரேசன் முடியட்டும். உங்கடை வாயாலை ஒண்டும் வந்திடக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். நீங்கள் என்றாலும் பண்ணியிருப்பீர்கள். தூரத்தில் இருக்கிறவனுக்குச் சாவை நேரே சொல்வது நம் ஆட்களிடம் இல்லை. முதலில் வருத்தம் வந்து படுத்திருக்கிறார் என்போம், பிறகு கடும் வருத்தம் என்போம், படி படியாய் இறக்கி, கடைசியில் அவனே கேட்கும்படி விடுவோம். அதுவும் இதயம் கிழிந்து கிடக்கிறவனுக்கு?

அந்த ஞாயிறும் பெடியன்கள் வந்தார்கள். வழக்கத்தை விடக் கூடப் பகிடி, கூடச் சத்தம். நேசன் தோடம்பழம் உரித்துக் கொடுத்தான், பிரதம மந்திரி மாதிரி நடித்துக் காட்டினான். சூசை சிரித்தான். பார்வை நேரம் முடிந்தது. எழுந்தார்கள். ஒருவன் போர்வையைச் சரி செய்தான், ஒருவன் தலையணையைத் தட்டினான். பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்து, தாழ்வாரத்தில் தலை குனிந்து நடந்து போனார்கள்.

நான் மருந்து அறை வாசலில் நின்றேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஓக்சூன்தான் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தப் பெடியங்கள் ஒவ்வொரு கிழமையும் வாசலிலை ஒண்டு சொல்லுவாங்கள், அவனும் பதில் சொல்லுவான். இண்டைக்கு அது இல்லை. ஏன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செத்த வீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. சொல்லாமல் எழுந்து, சொல்லாமல் நடந்துவிடுவோம். பேசி வைத்து அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பகிடிக்கு நாக்கு வளைந்தது, அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வளையவில்லை. அந்த அறை செத்த வீடு என்று அவர்களுடைய கால்களுக்குத் தெரிந்திருந்தது.

ஓக்சூனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். டேவிட்டை, டெலிபோனை, சத்தியத்தை, வழக்கத்தை.

"அப்ப அவனுக்குத் தெரியும்" என்றார்.

"இல்லை. ஒருத்தரும் சொல்லேல்லை."

"ஓம். அதாலைதான்."

மறுநாள் காலை டாக்டர் நல்ல செய்தியோடு வந்தார். ஓர்ஹூஸில் நாள் கிடைத்துவிட்டது, அடுத்த கிழமை. சூசை அழகாகச் சிரித்தான். "டாக்டருக்கு நன்றி சொல்லுங்கோ அக்கா. எனக்கு இப்ப சுகமாயிருக்கு. ஒப்பரேசன் வேண்டாம்." ஏன் என்று டாக்டர் கேட்டார். "சும்மாதான். வேண்டாம்." டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று மறுபடியும் பொறுமையாகச் சொன்னார். சூசை எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அதே சிரிப்போடு, "வேண்டாம்."

மத்தியானம் தட்டு எடுக்கப் போனேன். துடைத்து வைத்தது போல இருந்தது. அந்த உருளைக்கிழங்கையும் தின்றிருந்தான்.

"நல்லா இருந்தது அக்கா" என்றான்.

தட்டை ஓக்சூனிடம் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, என்னைத் துணி அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். வெள்ளை விரிப்புகள் அடுக்கிய அந்த அறையில்தான் தன்னைப் பற்றி முதலும் கடைசியுமாகச் சொன்னார். கொரியாவில் சண்டை நடந்த காலம். தாய் தகப்பன் போய், மாமா வீட்டில் வளர்ந்தவர். மாமி சோறு போடும்போது அகப்பையைப் பார்ப்பாராம், பிறகு மாமியின் முகத்தை. அகப்பை எங்கே தயங்குகிறதோ அங்கே "போதும், வயிறு நிறைஞ்சுட்டுது" என்று சொல்லத் தெரிய வேண்டும். முகம் கோணினால் பிடிக்காததையும் மிச்சம் விடாமல் தின்று, நல்லாயிருந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

"அந்தச் சோத்துக்கு எங்கடை பாசையிலை பேர் இருக்கு. நுன்ச்சிச் சோறு. மற்றவையின்ரை முகம் பாத்துத் தின்னுறது. என்ரை நுன்ச்சி வேகம் எண்டு எல்லாரும் மெச்சுவினம். அது எங்கையிருந்து வந்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை." விரிப்பு ஒன்றின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். "உன்னைக் கண்ட முதல் நாளே யோசிச்சனான், இந்தப் பிள்ளை எந்த வீட்டிலை இதைப் படிச்சது எண்டு."

எந்த வீட்டிலும் இல்லை, ராணுவச் சோதனைச் சாவடிகளில் என்று சொன்னேன். சிப்பாயின் முகத்தில் கண்ணிமை அசைகிற விதத்தை வைத்து, சைக்கிளை விட்டு இறங்குவதா, சிரிப்பதா, நிலத்தைப் பார்ப்பதா என்று முடிவெடுத்த வருடங்கள்.

அவர் தலையாட்டினார். "அவன் அந்தக் கிழங்கைத் தின்னுறது உங்களுக்காக. நீங்கள் மறைக்கிறியள் எண்டு அவனுக்குத் தெரியும். உங்களை நோகப் பண்ணாமல் மறைக்க விடுறான். இப்பிடியே உங்களை நோகப் பண்ணாமல் செத்தும் போவான்."

டாக்டரிடம் போனோம். அவருக்கு இதில் சிக்கல் எதுவும் தெரியவில்லை. "அவனுடைய தம்பி. அவனுடைய துக்கம். உடனே சொல்லுங்கோ. வேணுமெண்டால் நானே சொல்லுறன்." கோபத்தில் சொல்லவில்லை, உண்மையான கவலையில் சொன்னார். நேசனுக்கு டெலிபோன் எடுத்தேன். "சொன்னால் அந்த இடத்திலையே போயிடுவான் அக்கா! அந்த வெள்ளைக்கு என்ன தெரியும்?" என்று கத்தினான், பிறகு அழுதான்.

ஓக்சூன் இரண்டு பக்கத்தையும் கேட்டார். "டாக்டர் சொல்லுறது சரி. ஆனால் நீ போய்ச் சொன்னால், அவன் உனக்காக இப்பதான் கேள்விப்பட்ட ஆள் மாதிரி நடிக்க வேணும். அந்த இதயத்தாலை அது ஏலாது." கொஞ்சம் யோசித்தார். "உங்களிட்டை ஒரு வழி இருக்குதே. பெடியங்கள் தெரியாமல் செய்ததை நீ தெரிஞ்சு செய்."

பகல் வேலை முடிகிற நேரம். சூசையின் அறைக்குப் போனேன். தலையணைகளை அடுக்கினேன். கைக்கு எட்டும் இடத்தில் மணியை வைத்தேன். அளந்த தண்ணீரை ஊற்றி, குவளையை வலப்பக்கம் திருப்பினேன், அவன் வலக்கைக்காரன். திரைச்சீலையைப் பாதிக்கு இழுத்தேன். இத்தனையும் முடித்து வாசலில் நின்று, "போட்டு வாறன் தம்பி" என்பது என் வழக்கம். அன்று நின்றேன். அவனைப் பார்த்தேன். அவன் பதில் சொல்லக் கையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருந்தான். நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தேன்.

இரண்டு அடி போயிருப்பேன்.

"அக்கா, நில்லுங்கோ. எப்ப நடந்தது?"

சொன்னேன். தெரிந்தது முழுவதையும். அவன் மூன்று தலையணைகளில் சாய்ந்தபடி, மூச்சுக்கும் அழுகைக்கும் நடுவில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் தவித்தான். கையைப் பிடித்துக்கொண்டேன். "டேவிட், டேவிட்" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. ஓக்சூன் வெளியே நின்று கதவைச் சாத்திக் காவல் நின்றார். பிறகு கதவு கொஞ்சம் திறந்தது. பியர்த்தே, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் கேட்காமல், இரண்டு கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. தட்டை அப்படியே திருப்பி அனுப்பினான். எனக்கு அது ஆறுதலாக இருந்தது, அந்தப் பட்டினி அவனுடைய சொந்தப் பட்டினி. மூன்றாம் நாள், "அம்மா தனிய எல்லே. டாக்டரிட்டைச் சொல்லுங்கோ, வெட்டட்டும்" என்றான். நாங்கள் எவ்வளவு சந்தோசப்பட்டோம்! நேசன் டெலிபோனிலேயே செபம் சொன்னான். டாக்டர் என் தோளில் தட்டினார். அன்று மத்தியானம் சூசை சாப்பிட்டான். தட்டை எடுக்கப் போனேன். தட்டில் உருளைக்கிழங்கு மிச்சம் இல்லை. ஒரு துண்டுகூட இல்லை.

நான் தட்டைப் பார்த்தேன். பிறகு வேறு தட்டுகளோடு சேர்த்து வண்டியில் அடுக்கிவிட்டேன்.

அம்புலன்ஸ் காலையில் வந்தது. பனி உருகி மழையாய்ப் பெய்துகொண்டிருந்தது. தள்ளுகட்டிலோடு நானும் ஓக்சூனும் வாசல் வரைக்கும் போனோம். கழுத்து வரை போர்வை, தலையில் பியர்த்தே பின்னிய கம்பளித் தொப்பி. கதவைச் சாத்த முன் நான் குனிந்து, "போட்டு வா தம்பி" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். கையை உயர்த்தினான். சிரித்தான். அந்த 'ஓம்' மட்டும் வரவில்லை. கதவைச் சாத்தினார்கள்.

அம்புலன்ஸ் வளைவில் திரும்பும் வரை நின்றோம்.

"பதில் சொன்னவனோ?" என்று ஓக்சூன் கேட்டார்.

"சொன்னவன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கண்ணிடம் எதைத்தான் மறைக்க முடியும். "நல்லது" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

டாக்டர் ஒருவர்தான் அவனிடம் நேரே கேட்டார். வேண்டாம் என்று அவன் நேரே சொன்ன பதிலும் அவர் ஒருவருக்குத்தான். மற்ற எல்லோரும் அவன் மனதை வாசித்தோம், அவனும் எங்கள் மனதை வாசித்தான். கடைசியில் எங்கள் தட்டிலிருந்து அவன் எதைத் தின்று முடித்தான் என்று இன்னும் எனக்குத் தெரியாது. அம்மாவுக்காகவே ஒப்பரேசனுக்குப் போயிருக்கலாம். அப்படியும் இருக்கலாம்.

ஓர்ஹூஸிலிருந்து டெலிபோன் வந்தபோது நான் அவனுடைய பழைய கட்டிலை வேறொருவருக்காக விரித்துக்கொண்டிருந்தேன். ஓக்சூன் தாழ்வாரத்தில் வந்தார். அன்று அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டது. வாசலில் நிற்காமல் நேரே உள்ளே வந்து, என் முன்னால் நின்று, டெனிஷ்காரர் சொல்வது போலச் சொன்னார்: "சூசை செத்துப் போனான். ஒப்பரேசன் மேசையிலேயே. இதயம் திரும்பித் தொடங்கேல்லை."

விரிப்பின் மறு முனையை அவர் பிடித்தார். இருவருமாக இழுத்து, மூலைகளை மடித்து, மெத்தைக்கு அடியில் செருகினோம். தலையணை ஒன்று மட்டும் வைத்தோம், புதிதாய் வருகிறவருக்கு ஒன்று போதும்.

வேலை முடிந்து போகும்போது இந்த நாட்டில் எல்லோரும் "வி சேஸ்" என்பார்கள், மறுபடி காண்போம் என்று. உடுப்பு மாற்றும் அறையில் பியர்த்தே எல்லோருக்கும் சொன்னாள், எல்லோரும் அவளுக்குச் சொன்னார்கள். ஓக்சூன் மேலங்கியின் பொத்தான்களைப் போட்டு முடித்தார். வாசலில் ஒரு மூச்சு நேரம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் மழைக்குள் இறங்கிப் போனார்.